ஆடி வெள்ளியில் நான் பார்க்காமல் விட்ட படம்

1

ஆடி ஒன்றாம் தேதி தேங்காய் சுடப்போய் தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள் இந்த ஹாமில்டன் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கனடாவுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் ஆடியை அடுப்படியில் ஒரு பாயசத்தோடு சத்தமில்லாமல் கழித்தேன். இந்த வருஷம் எனக்கு என்ன வந்ததோ, சுட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முற்றிய தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்து, உள்ளே பச்சரிசியும் பாசிப்பருப்பும் எள்ளும் வெல்லமும் போட்டு, நீளமான அழிஞ்சிக் குச்சியில் செருகி, மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டுவோம். தெருவெல்லாம் புகையாக இருக்கும். ஓடு வெடித்து அந்த வாசம் வரும்போதுதான் எங்களுக்கு ஆடி பிறக்கும். அழிஞ்சிக்கு இங்கே எங்கே போவது? கொல்லையில் நிற்கிற மேப்பிள் மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் கிழவி நல்லவள்தான். புகையைப் பார்த்துப் பதறிப்போய் போன் பண்ணிவிட்டாள். தலையில் இரும்புத் தொப்பி போட்ட இரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். "என்ன எரிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "இது எங்கள் சாமிக்கு" என்று சொல்ல நினைத்தேன். அவசரத்தில் என் இங்கிலீஷ் கவிழ்ந்துவிட்டது. "இது எங்கள் சாமி" என்று தேங்காயைக் காட்டிவிட்டேன். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாமியை இப்படியா கருக்குவார்கள் என்று மனசுக்குள் நினைத்திருப்பார், பாவம். நான் உடைத்து ஒரு பத்தையை நீட்டியதும் வாங்கித் தின்றார். நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்தக் கூத்து முடியும்வரை என் மகள் கவிதா வெளியே தலையைக் காட்டவில்லை. பதினாறு வயசு. பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரோடு கீழ்த்தளத்தில் டிவி முன்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அம்மா கொல்லையில் சாமியைச் சுடுகிறாள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வாள்? நான் விடுவேனா. ஒரு தட்டில் தேங்காய்ப் பத்தைகளை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

டிவியின் மேல் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டின் பெட்டி கிடந்தது. பெட்டியின் மேல் ஒரு படம். செக்கச் சிவந்த பின்னணி. விரித்த தலை. உருட்டின விழி. தோளில் பாம்பு. கையில் மூன்று முனை கொண்ட சூலம்.

"அடியே, இது நம்ம சூலக்காரி!" என்று கத்திவிட்டேன்.

2

எழுபத்திரண்டாம் வருஷத்து ஆடிக்குப் போக வேண்டும். அதற்கும் ஒரு மாசம் முன்னால், ஆனிக்கு.

எங்கள் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா சரசுவை அந்தத் தையில்தான் எடப்பாடியில் தறிப்பட்டறை வைத்திருந்த வீட்டில் கொடுத்திருந்தோம். ஆனி மாசம் ஒரு மழை நாளில் அவள் தனியாக பஸ் ஏறி வந்து கதவைத் தட்டினாள். கையில் பையில்லை. உதடு வீங்கியிருந்தது.

இப்போது உள்ள பிள்ளைகளுக்கு இது புரியாது. கட்டிக்கொடுத்த பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டார் சீர் வைத்து அழைத்து வருவார்கள். அது மரியாதை. அழைக்காமல் அதற்கு முன்னால் தனியாக வந்து நின்றால் "வாழாமல் வந்துட்டா" என்று பேச்சாகிவிடும். அம்மா கதவை அரைவாசி திறந்தாள். அக்காவைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

"ஆடிக்கு நாங்க வந்து அழச்சுட்டு வாரோம் சாமி. இப்ப போயிரு. யாராச்சும் பாத்துருவாங்க" என்றாள்.

"அம்மா, ஒருக்கா உள்ள வந்துட்டுப் போறேம்மா."

"வந்தா போவ மாட்டே சாமி."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் உள்ளே இருந்தேன். அம்மா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. வெளியே மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எத்தனை நேரம் நின்றாள், எப்போது போனாள் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆடி வந்தது. அப்பா சீர்த்தட்டோடு எடப்பாடி போனார். தறியில் ஆள் இல்லை, அனுப்ப முடியாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. போகாத கோயில் இல்லை, கட்டாத மஞ்சள் துணி இல்லை. எப்படியாவது பெண்ணை ஆடிக்கு அனுப்ப வை ஆத்தா என்று கண்ட கல்லிடமெல்லாம் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் சங்ககிரி சினிமாக் கொட்டகையில் புதுப்படம் போட்டார்கள். போஸ்டர் ஒட்டுகிற வண்டி எங்கள் ஊருக்கும் வந்து நோட்டீஸ் வீசியது. சந்தை மதிலில் பெரிய போஸ்டர். சிவப்புப் பின்னணி, விரித்த தலை, பாம்பு, சூலம். மேலே தமிழில் 'சூலக்காரியின் சபதம்' என்று தனித்தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அது ஏதோ ஒரு இங்கிலீஷ் படம் என்றும், ஆம்பிளைகள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு பார்க்கிற சமாச்சாரம் என்றும் எங்கள் தெருப் பெண்களுக்கு யார் சொல்வார்கள்? சூலமும் பாம்பும் இருந்தால் ஆத்தா. வேறு யாராக இருக்க முடியும்?

அம்மன் படத்துக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் கோயிலுக்குப் போவது மாதிரிதான். தலைக்குக் குளித்து, மஞ்சள் சீலை கட்டி, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் தேங்காயும் எடுத்துக்கொண்டு போவார்கள். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அந்த ஆடி வெள்ளி மத்தியான ஆட்டத்துக்கு அம்மா முன்னின்று தெருப் பெண்களையெல்லாம் திரட்டினாள். இரண்டு மாட்டுவண்டி நிறைய ஏறினார்கள். என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். தீட்டோடு ஆத்தாவைப் பார்க்கப் போகக் கூடாது. மாட்டுத் தொழுவத்து ஓரமாக உட்கார்ந்து, தூசு கிளப்பிக்கொண்டு போன வண்டிகளைப் பார்த்து அழுதேன்.

வண்டிகள் திரும்பி வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. எல்லோரும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இறங்கினார்கள். தேங்காயை யாரும் உடைத்திருக்கவில்லை. அம்மா மட்டும் வண்டியில் இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினாள். அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். அப்பா கோபத்தில் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அம்மா அவரைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"ஆத்தா சொல்லிப்போட்டா. கூட்டியாந்துட்டேன்."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

3

அந்தப் படத்தில் என்னதான் இருந்தது? இந்தக் கேள்வி இருபது வருஷமாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அதைப் பார்க்காத ஒரே பெண் நான்தான்.

பக்கத்து வீட்டுப் பாவாயக்கா உளறுவாயி. அவளைக் கிண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். டிக்கெட் கொடுப்பவன் இவர்களைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டானாம். "ஏனுங்கம்மா, இது உங்களுக்கான படமில்லீங்க" என்று இழுத்தானாம். "ஆத்தாளப் பாக்க உங்களக் கேக்கோணுமாக்கும்?" என்று அம்மா அவனை ஒரு போடு போட்டாளாம். மஞ்சள் சீலையும் வேப்பிலையுமாக நிற்கிற பெண்களிடம் ஒரு ஆம்பிளை அதற்கு மேல் என்ன விளக்க முடியும்? சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். உள்ளே எங்கள் ஊர் ஆம்பிளைகள் பாதிப் பேர் இருந்திருக்கிறார்கள். இவர்களைக் கண்டதும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவால் ஓடினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் பாவாயக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"அப்பறம் எப்படிக்கா உக்காந்து பாத்தீங்க?"

"ஆத்தா வாரதுக்கு முன்னாடி அக்கிரமம் நடக்கோணுமில்ல? எந்த அம்மன் படத்துலயும் அப்படித்தான? வருவா வருவான்னு எலுமிச்சம்பழத்தக் கையில வெச்சுட்டு உக்காந்துட்டிருந்தோம்."

"வந்தாளா?"

"எங்க வந்தா. பாதியிலயே உங்கம்மா வெடுக்குனு எந்திரிச்சுப் போயிட்டா. அருள் வந்தவளாட்டம். நாங்களும் பொறகாலயே ஓடியாந்துட்டோம்."

"எந்த இடத்துல எந்திரிச்சாங்க?"

"அதெல்லாம் உனக்கெதுக்கடி? அது அம்மன் படந்தான். போய்ச் சோலியப் பாரு."

இதற்கு மேல் ஒரு எழுத்து பெயராது. ஊரும் அப்படியே முடிவு கட்டிவிட்டது. ஆத்தா கொட்டகையில் வந்து எங்கம்மா நல்லம்மாவின் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டவர்கள்கூட உண்டு.

கும்பிடாதவள் அக்கா ஒருத்திதான். மீட்டுக்கொண்டு வந்தார்களே என்ற சந்தோஷம் அவளுக்கு இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. "மக வந்து கதவத் தட்டுனா தெரியாது. சாமி வந்து சொன்னாத்தான் தெரியுமாக்கும்?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறியிருக்கும்.

பிறகு அக்கா வாத்தியார் வேலைக்குப் படித்தாள். சேலத்தில் வேலை கிடைத்தது, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மருந்து வாங்கித் தருவது எல்லாம் அவள்தான். ஆனால் வேலைக்குப் போன நாளிலிருந்து அம்மா வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கினது கிடையாது. நல்ல நாளோ கெட்ட நாளோ, பொழுது சாய்ந்தால் "கடசி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். அப்பா போன அன்றைக்குக்கூட கடைசி பஸ்ஸில் போய் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தாள். அம்மா ஒவ்வொரு ஆடிக்கும் அவளுக்கென்று ஒரு தேங்காயைத் தேய்த்து வைப்பாள். அக்கா அதைச் சுடாமலே பையில் போட்டுக்கொண்டு போய்ச் சட்னி அரைத்துவிடுவாள்.

அப்பா போனதிலிருந்து அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு இங்கே தூக்கம் போனது அதனால்தான். இங்கே வரவழைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். குடியேற்ற அலுவலகத்தில் அம்மாவின் பிறந்த தேதி கேட்டார்கள். ஊருக்குப் போன் போட்டுக் கேட்டால், "மேக்காட்டுக் கெணறு வெட்டுன வருசம்" என்றாள் அம்மா. எந்த மாதம் என்றால், "சோளம் அறுத்தப்ப." இதை அந்த அதிகாரிக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பையனை வைத்தார்கள். தங்கமான பையன். என் கொங்குத் தமிழைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கள் இங்கிலீஷிலேயே சொல்லுங்கோ" என்றான். சான்றிதழ் இல்லாமல் ஆகாது என்று கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "அங்க வந்து நானென்ன பண்றது? இங்க எருமைய யாரு பாக்கறது?" என்றாள். எருமை அம்மாவைப் பார்த்துக்கொள்ளுமா என்று நான் கேட்கவில்லை.

4

கவிதாவுக்கும் தோழிகளுக்கும் அந்தப் படம் மனப்பாடம். படிக்கிற பிள்ளைகள் மத்தியில் அதற்குப் பெரிய பேராம். மட்டமான படம் என்பதுதான் அதன் பெருமை. கூட்டமாக உட்கார்ந்து, வசனம் வருவதற்கு முன்னாலேயே இவர்கள் வசனத்தைக் கத்துவார்களாம். அந்த முகம் போட்ட பனியன்கூடக் கடையில் விற்கிறதாம். நான் சோபாவில் அவர்கள் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் கவிதாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"அம்மா, இது உங்களுக்குப் பிடிக்காது."

"உங்க அம்மாச்சி பாத்த படம்டி இது. போடு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்டாள்.

இத்தனை வருஷம் நான் கற்பனை பண்ணி வைத்திருந்த பயங்கரம் ஒன்றும் அதில் இல்லை. ரத்தம் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. பாம்பு ரப்பர் குழாய். ஒரு இடத்தில் அதன் தையல்கூடத் தெரிந்தது. கதாநாயகி கந்தலாகிப் போன குட்டைப் பாவாடையோடு சேற்றில் ஓடுகிறாள். சங்ககிரி ஆம்பிளைகள் துண்டு போட்டுக்கொண்டு பார்த்தது இந்த முழங்காலைத்தானா? சூலம் என்று நாங்கள் கும்பிட்டது வைக்கோல் அள்ளுகிற மூன்று முனைக் கவைக்கம்பு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தப் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் சிரித்தேன். கவிதாவே ஆச்சரியப்பட்டுப் போனாள். இந்த வீட்டில் நானும் அவளும் ஒன்றைப் பார்த்து ஒன்றாகச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது.

கதை இதுதான். ஒரு பண்ணை வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண். புருஷனும் அவன் அண்ணன் தம்பிகளும் அவளைப் போட்டு அடிக்கிறார்கள். மழையில் அவள் தப்பி ஓடுகிறாள். ஓடி ஓடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அது அவள் பிறந்த வீடு.

உள்ளே விளக்கு எரிகிறது. அவளைப் பெற்றவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். மகள்தான் என்று தெரிகிறது. திரையை இழுத்து விடுகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது.

அதற்கப்புறம் அந்தப் படக்காரன் வேறு எதையும் காட்டவில்லை. வேறு காட்சி எடுக்கக் காசில்லையோ என்னவோ, வெளியே நிற்கிற அந்தப் பெண்ணின் முகத்தையே நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீர் ஓடுகிறது. கண்மை கரைந்து கன்னமெல்லாம் கோடு கோடாக வழிகிறது. அவள் கத்தவில்லை. மறுபடி தட்டவுமில்லை. சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். மை வழிகிற அழகைப் பார்த்துத் தோழிகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் சிரிக்கிற இடமாம் அது.

அம்மா எந்த இடத்தில் எழுந்தாள் என்று தெரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது அம்மாவுக்கு. கதவைச் சாத்துவதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷை வேண்டும்? ஆனி மாசத்து மழையில் அவள் கதவுக்கு உள்ளே நின்றவள். நானும் உள்ளேதான் நின்றேன். சாத்தின பிறகு வெளியே நின்றவளின் முகத்தை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆத்தா வருவாள் என்று காத்திருந்த கொட்டகையில், அம்மா அந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். வெள்ளைக்காரி முகமாக இருந்தால் என்ன, அது சரசுவின் முகம்தான்.

"அம்மா, அழறீங்களா?" என்று கவிதா கேட்டாள். படத்தை நிறுத்தினாள். தோழிகளிடம் ஏதோ சொல்லி மேலே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக, இரண்டுமே சரியில்லாமல். முழுக்கக் கேட்டாள். ஊர்க்கதை என்றாலே நழுவுகிற பெண், அன்றைக்கு அசையவில்லை.

"பெரியம்மாவுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"சொல்லணும்மா."

மிச்சப் படத்தை இருவரும் உட்கார்ந்து பார்த்து முடித்தோம்.

5

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசுவேன். எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். சங்ககிரியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கேதான் போன். அக்கா சேலத்திலிருந்து வந்து, ஊருக்குள் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வருவாள். லாரிக்காரர்கள் அத்தனை பேரும் "அமெரிக்கா போனு" என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். கனடா என்று அவர்களைத் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

எப்போதும் அம்மா முதலில் பேசுவாள். அக்கா கடைசியில் வாங்கி, "நல்லாருக்கறயா? சரி, கடசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, வெக்கறேன்" என்பாள். ஆபீசுக்கு எதிரேதான் சேலம் பஸ் நிற்கும். அதன் ஹாரன் சத்தம்கூட எனக்குப் பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதா தானாகவே எழுந்துவந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏஞ்சாமி, தேங்கா சுட்டயா?" என்று அம்மா ஆரம்பித்தாள். அவளுக்கு கனடா தூரம் என்று தெரியும், அதனால் கத்தித்தான் பேசுவாள்.

"சுட்டேம்மா. அம்மா, நான் அந்தப் படத்தப் பாத்துட்டேன்."

"எந்தப் படம்?"

"எல்லாரும் மஞ்சச் சீலை கட்டிட்டு, என்னைய மட்டும் உட்டுட்டுப் போனீங்களே, அந்தப் படம்."

"அட கருமமே! அத எதுக்குடி நீ பாத்தே?" என்றாள். அப்புறம் ஒரு சிரிப்பு. என் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "மெல்லப் பேசு, ஆம்பளைங்க நிக்கறாங்க" என்று அவளே ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. பிறகு அவள் குரல் சன்னமாகிவிட்டது.

"ஏன் கண்ணு, மழயில நின்னுட்டிருந்துச்சே ஒரு புள்ள."

"ஆமாம்மா."

"அந்தப் பொம்பள பொறவாச்சும் கதவத் தொறந்தாளா?"

இருபது வருஷமாக அம்மா இதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரிடம் கேட்பாள்? திறந்தாள் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மனசு வரவில்லை.

"இல்லம்மா. கடசி வரைக்கும் தொறக்கவே இல்ல."

"பாவி. பெத்த வயிறா அது?" என்றாள் அம்மா. அப்புறம், "நானும் சாத்துனவதான" என்றாள். "அந்தப் புள்ள நின்னதப் பாத்தேன் சாமி. நம்ம சரசு அப்படித்தான நின்னுருப்பா? நான் உள்ள நின்னுட்டனே, எனக்கெங்க தெரிஞ்சுது? அதுக்கு மேல உக்கார முடியல. எந்திரிச்சு நேரா எடப்பாடி பஸ்ஸு ஏறிட்டேன்."

"அப்பறம் எதுக்கும்மா ஆத்தா சொன்னான்னு சொன்னே?"

"நாஞ்சொன்னா உங்கப்பா கேட்டுருப்பாங்களா? ஊரு கேட்டுருக்குமா? எம்மக அடி வாங்கறான்னு சொன்னா, எல்லாப் பொம்பளையும் வாங்கறதுதானேம்பாங்க. ஆத்தா சொன்னான்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். எந்தச் சாமியும் எங்கிட்ட ஒன்னுஞ் சொல்லுல கண்ணு. எம்புள்ள மொகந்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மா கத்திப் பேசுகிறாள் என்பதும் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

போன் கை மாறியது. அக்காவின் மூச்சுதான் கேட்டது. பின்னால் லாரிக்காரர்கள் பேச்சுக்கூட நின்றுபோயிருந்தது.

"என்ன படம் பாப்பா அது?" என்றாள்.

"ஆகாத படந்தான்க்கா. ஊருக்கு வாரப்ப கேசட் கொண்டாரேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து பஸ் ஹாரன் அடித்தது. ஒரு தடவை. பிறகு நீளமாக இன்னொரு தடவை.

"அக்கா, பஸ்ஸு" என்றேன்.

"கேக்குது."

இன்ஜின் சத்தம் கிளம்பி, ஆபீசைத் தாண்டி, தூரத்தில் போய் மறைகிறவரை அக்கா போனை வைக்கவில்லை. அப்புறம் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அம்மா தேங்கா ஒன்னு தேச்சு வெச்சிருக்குதாமா. ஊட்டுல போயி நெருப்புப் போட்டுச் சுடோணும். நேரமாச்சு, நீ போனை வெய்யி" என்றாள்.